சிற்றூரில் காற்று முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி: உசிலம்பட்டியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கைப்பேசியில் உசிலம்பட்டி என்று தட்டினால், இன்று பிற்பகல் மேற்கிலிருந்து மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் காற்று வீசும் என்று வருகிறது. அதே பிற்பகலில் பேருந்து நிலையத்தில் புழுதி எழும்பிக் கண்ணை மறைக்கிறது. நெருக்கமான தெருவுக்குள் வேப்பிலைகூட அசையவில்லை. கணவாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருக்கிறது. இந்த மூன்று இடங்களில் எதற்கும் அந்த 22 பொருந்தவில்லை என்பதால் முன்னறிவிப்பே பொய் என்று ஒதுக்குவோர் நம்மில் அதிகம். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்று தெரிந்துகொண்டால் அதையே நன்றாகப் பயன்படுத்தலாம். அதற்கான முதல் விதி, வேகத்தைப் பார்ப்பதற்கு முன் அது எந்தக் காற்று என்று கேட்பது. ஆடி மாதத்து 22-க்கும் சித்திரை மாதத்து 22-க்கும் பொருள் வேறு. முன்னதை நம்பிக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், பின்னதை ஏறக்குறைய கண்டுகொள்ளவே கூடாது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

உசிலம்பட்டி என்ற பெயருக்கு எதிரே செயலி காட்டும் எண், ஊரில் நட்ட கருவி எதையும் பார்த்துச் சொல்லப்பட்டதன்று. உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணினி போடும் கணக்கிலிருந்து, நம் ஊர் விழும் கட்டத்துக்கும் அதன் அக்கம்பக்கக் கட்டங்களுக்கும் உரிய மதிப்பை எடுத்துத் தருகிறார்கள். பலரும் பயன்படுத்தும் விண்டி செயலியில் இயல்பாகத் தெரியும் ஐரோப்பிய மாதிரியின் (இப்படிக் கணக்கிடும் கணினி முறையை மாதிரி என்பார்கள்) கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ. அகலம் கொண்டது, அமெரிக்க மாதிரியின் கட்டம் அதைவிட இரண்டு மடங்குக்கும் பெரியது. ஒரு கட்டத்துக்குள் உள்ள மலைமுகடு, கணவாய், கண்மாய்க்கரை, கடைவீதி எல்லாம் சேர்ந்து ஒரே சராசரித் தரையாக மாறிவிடுகின்றன. ஆண்டிபட்டிக் கணவாய் போன்ற குறுகிய இடைவெளி அந்தக் கணக்கில் மழுங்கிய பள்ளமாகத்தான் இருக்கும், அல்லது இல்லாமலே போகும்.

அடுத்து, அந்த வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் தடையில்லாத வெட்டவெளியில், சில நிமிடங்களின் சராசரியாக இருக்கக்கூடிய வேகம். திறந்த வயலில் ஆள் உயரத்தில், அதாவது சுமார் 2 மீட்டரில், அதில் முக்கால் பங்குதான் கிடைக்கும். வீடுகள் நெருங்கிய தெருவில் பாதிகூட இராது. மாடி வீட்டின் மேல்தளத்தில் கொட்டகை போட்டவருக்கோ முழு வேகமும், கட்டட விளிம்பில் அதற்கு மேலும் வந்து சேரும்.

சராசரிக்கு அருகே இன்னொரு எண் இருக்கும். செயலிகள் அதை வன்வீச்சு, காற்றுவீச்சு என்று பலவிதமாகக் குறிக்கின்றன. இடையிடையே ஓரிரு நொடிகள் எழுந்து அடங்கும் உச்ச வேகம் அது. நான் சொல்வதானால், துணி உலர்த்துபவருக்கும் நெல் தூற்றுபவருக்கும் சராசரி போதும். கூரை, பந்தல், வாழை, விளம்பரத் தட்டி ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள் வீச்சு எண்ணை மட்டும் பார்த்தாலே போதும். காரணம், காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பத்தடிக்கு இருபதடி படுதாவை நேர்க்குத்தாகக் கட்டியிருந்தால் மணிக்கு 30 கி.மீ. காற்று அதன்மேல் ஏறக்குறைய 80 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். அதுவே 60 கி.மீ. ஆனால் 300 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரட்டிப்பாக, விசை நான்கு மடங்காகிறது. சராசரி 28, வீச்சு 55 என்று இருக்கும் நாளில் முதல் எண்ணை மட்டும் படித்தவர் கட்டிய கயிறு அறுந்து போவது இதனால்தான்.

அலகையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். வினாடிக்கு மீட்டர் என்று இருந்தால் 3.6-ஆல் பெருக்க வேண்டும். கடல்மைல் கணக்கான நாட் என்று இருந்தால் 1.85-ஆல் பெருக்க வேண்டும். 15 என்ற எண் முதல் அலகில் 54 கி.மீ., இரண்டாவதில் 28 கி.மீ.; அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை கி.மீ. என்று மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. திசையில் குழப்பம் வேண்டாம்: மேற்கு என்றால் மேற்கிலிருந்து வருவது, நம் ஊரில் மேல்காற்று என்று சொல்வதேதான். பாகைக் கணக்கில் வடக்கு 360, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. வரைபடத்தில் அம்புக்குறி மட்டும் காற்று போகும் பக்கத்தைக் காட்டும்.

ஊரைச் சுற்றியுள்ள நிலம்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் உசிலம்பட்டி இருக்கும் இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே ஆண்டிபட்டி, வருசநாட்டு மலைகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கின்றன. அவற்றை ஊடுருவும் கணவாய் வழியாகத்தான் சாலையும் ரயில் பாதையும் ஆண்டிபட்டிப் பக்கம் இறங்குகின்றன. வடக்கே நாகமலைத் தொடர், அதற்கு அப்பால் வைகைச் சமவெளி. தெற்கே எழுமலை, பேரையூர்ப் பக்கம் நிலம் விரிகிறது. கிழக்கே செக்கானூரணி வழியாக மதுரை வரை பெரிய தடையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கித் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் வரும்போது, பரந்த கண்மாயின் நீர் மடைவாயில் விரைவதுபோல, இடைவெளி கிடைத்த இடத்தில் வேகம் கொள்கிறது. அந்தப் பக்கத்தில் காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா அன்று. பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களோடு சேர்த்துத் தமிழகக் காற்றாலைத் தொழிலில் பேசப்படும் இடம் கம்பம் பள்ளத்தாக்கு.

ஆகவே மேல்காற்று நாள்களில் கணவாய்க்கு நேர்கிழக்கே உள்ள வயல்கள் கணினி சொல்வதைவிடக் கூடுதலாக வாங்கும். மலையடிவாரத்தை ஒட்டிய இடங்களில் நிலைமை வேறு: சில நேரம் மலை மறைப்பதால் அமைதியாக இருக்கும், சில நேரம் முகட்டைத் தாண்டிய காற்று கீழே சுருண்டு விழுவதால் திசை மாறி மாறி அடிக்கும். அத்தகைய இடத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்குச் செயலியின் திசைக்குறி பயன்படாது. அதன் வேகத்தைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, திசையைத் தன் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேல்காற்றுக் காலம்

வைகாசியின் பிற்பகுதி தொடங்கி ஆவணி கடந்தும் நீளும் இந்தக் காலத்தில் முன்னறிவிப்பைத் தைரியமாக நம்பலாம். இக்காற்றை எழுப்புவது அரபிக்கடலின் மேலிருந்து தென்னிந்தியா முழுவதும் பரவி நிற்கும் பெரிய ஓட்டம். அவ்வளவு பெரிய ஒன்றைக் கணினி மாதிரிகள் மூன்று, நான்கு நாள்களுக்கு முன்பே ஓரளவு சரியாகப் பிடித்துவிடுகின்றன. வலுவாக வீசும் நாள்கள் சில, தளர்ந்த நாள்கள் சில என்று அலையலையாக வரும் அதன் போக்கையும் அவை காட்டும்.

இந்தக் காலத்தில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் தரைமட்ட வரைபடம் அன்று; அதற்கு மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கான வரைபடம். விண்டி போன்ற செயலிகளில் உயரத்தை மாற்றும் பட்டையில் 850 என்று இருக்கும். அது அந்த உயரத்தின் காற்றழுத்த அளவு. பருவக்காற்றின் பலமான ஓட்டம் அங்கேதான் ஓடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துவிடுவதால், மேலே ஓட்டம் இருந்தாலும் கீழே அது இறங்குவதில்லை. விடியற்காலையில் ஊர் அமைதியாக இருப்பது இதனால். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலெழும்ப, அதன் இடத்துக்கு மேலேயுள்ள வேகமான காற்று இறங்கிக் கலக்கிறது. முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சம் கண்டு, பொழுது சாய்ந்ததும் அடங்கும் மேல்காற்றின் நாள்கணக்கு முழுவதும் இந்தக் கலப்பின் கணக்கே.

எடுத்துக்காட்டாக, ஆடியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தரைமட்ட வேகம் 9 கி.மீ. என்றும் 850 உயரத்தில் 58 கி.மீ. என்றும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை அமைதியைப் பார்த்துக் கூரை வேய ஏணி வைத்தால் பதினோரு மணிக்குக் கீற்று கையில் நிற்காது. மேலே உள்ள 58 முழுவதும் கீழே வராது. ஆனால் வெயில் நன்றாக அடிக்கும் நாளில் அதன் பெரும்பகுதி வீச்சாக இறங்கக்கூடும் என்று எண்ணித் திட்டமிடுவது பாதுகாப்பானது. வானம் முழுக்க மூடியிருந்தால் கலப்புக் குறையும், வீச்சும் தணியும். மேலே வெறும் 25 கி.மீ. என்று தெரிந்தால் பிற்பகல் முழுவதும் அச்சமின்றி வேலை செய்யலாம். கணவாய்க்கு நேரே உள்ளவர்கள் மட்டும் இரவு அடங்கிவிடும் என்ற விதியை முழுதாக நம்ப வேண்டாம். மேலோட்டம் பலமான நாள்களில் அங்கே நடு இரவிலும் காற்று ஓயாது.

பூச்சிமருந்து தெளிப்பவர்களுக்கு இந்த நாள்கணக்கு பெரும் உதவி. மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் காற்று இருந்தால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும் என்பது தெரிந்ததே. முற்றிலும் அசைவற்ற விடியற்காலையும் உகந்ததன்று. குளிர்ந்து படிந்த காற்றில் நுண்துளிகள் இலையில் இறங்காமல் மிதந்து, மெல்ல நகர்ந்து, எதிர்பாராத இடத்தில் போய்ப் படியும். வெயில் ஏறத் தொடங்கி இலைகள் மெல்ல அசையும் நேரம், அதாவது முன்னறிவிப்பில் 4 முதல் 10 கி.மீ. வரை காட்டும் காலை நேரம்தான் சரியான இடைவெளி. ஆடியில் அது மிகக் குறுகியது. முந்தைய இரவே மணிவாரியான அட்டவணையைப் பார்த்து ஆளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசிக் கோடை இடிக்காற்று

பழமொழியில் ஆடிக் காற்றுக்குக் கிடைத்த பெயரில் பாதி சித்திரைக்குச் சேர வேண்டியது. நம் பக்கத்தில் குலை தள்ளிய வாழை ஒரே மாலையில் தோப்போடு சாய்வதும், திருவிழாப் பந்தல் தூக்கியடிக்கப்படுவதும் பெரும்பாலும் பங்குனி முதல் வைகாசி வரையிலான இடிமழை மாலைகளிலும், பிறகு புரட்டாசி, ஐப்பசியின் இடிமழைகளிலுமே நடக்கின்றன. வியப்பு என்னவென்றால், அன்று காலை செயலி காட்டிய காற்று 11 கி.மீ. என்று இருந்திருக்கும். அது தவறும் அன்று. அந்த எண் அன்றைய பொதுவான காற்றைச் சொன்னது; மேகத்திலிருந்து விழும் காற்று அதில் அடங்கவில்லை.

மேகத்திலிருந்து காற்று விழுவது எப்படி என்று பார்த்தால் அடையாளங்கள் தாமே புரியும். கோடையில் தரைக்கு மேலுள்ள காற்று சூடாகவும் உலர்ந்தும் இருக்கிறது. உயர்ந்த இடிமேகத்திலிருந்து இறங்கும் மழைத்துளிகளில் ஒரு பகுதி அந்த உலர்ந்த காற்றில் ஆவியாகி, அதைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து வேகமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபுறமும் சீறிப் பரவுகிறது. மழைக்கு முன்னே இந்தக் காற்று ஓடி வந்துவிடும். மேகம் 10, 15 கி.மீ. தள்ளி நின்றாலும் வரும். அதனால்தான் ஊரில் ஒரு துளி மழையும் விழாமல் மரம் மட்டும் முறிந்து கிடக்கும் நாள்களும் உண்டு. அது வரும் திசை மேகம் நிற்கும் திசை. செயலியின் அம்புக்குறிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெட்டவெளியில் நின்று பார்த்தால் இது படிப்படியாகத் தெரியும். பிற்பகலில் வீசிய லேசான காற்று முதலில் செத்துப்போகிறது, புழுக்கம் கூடுகிறது. தொலைவில் மேகத்தின் அடிப்பக்கம் கறுத்து, அதற்குக் கீழே தரையை ஒட்டிச் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை எழும்புகிறது. ஈர மண் வாசனையுடன் முதல் குளிர்வீச்சு முகத்தில் படும்போது, பந்தலின் பக்கப் படுதாக்களை அவிழ்க்க உங்களிடம் இருப்பது சில நிமிடங்கள்தான். தொழில் தெரிந்த பந்தல்காரர்கள் அப்போது கயிற்றை இறுக்குவதில்லை. காற்று வரும் பக்கத்துப் படுதாவையும் எதிர்ப்பக்கத்துப் படுதாவையும் அவிழ்த்துவிட்டு வழி விடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் பந்தல்தான் மிக ஆபத்தானது. உள்ளே புகுந்த காற்று மேற்கூரையை உயர்த்திவிடும். தகரக் கொட்டகைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆகவே இந்தக் காலத்தில் காற்று வேகத்தை விட்டுவிட்டு இடிக்கான வாய்ப்பைப் படிக்க வேண்டும். காலையில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். பிற்பகலுக்கு இடி அடையாளம் இருக்கிறதா என்பது முதலாவது. அது உசிலம்பட்டிக் கட்டத்தில் இல்லாவிட்டாலும் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் ஆகியவற்றில் எங்காவது இருந்தால் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் எந்தக் கட்டத்தில் இடிக்கும் என்பதை மாதிரிகளால் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. இரண்டாவது, மாலையில் கடல்காற்று உள்ளே வருகிறதா என்பது. இராமநாதபுரம், மானாமதுரைப் பக்கமிருந்து தென்கிழக்குக் காற்று மதுரையை நோக்கி நுழைந்து, மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்றோடு மோதும் கோட்டில்தான் இடிமேகங்கள் அடிக்கடி முளைக்கின்றன. வரைபடத்தில் எதிரெதிர் அம்புகள் சந்திக்கும் இடத்தைப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். மூன்றாவது, சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கான வரைபடம், பட்டையில் 700 என்று இருக்கும். முளைத்த மேகம் ஏறக்குறைய அந்தக் காற்றோடு நகரும். அது கிழக்கிலிருந்து என்றால் சிறுமலை, அழகர்மலை, மதுரைப் பக்கத்து மேகங்கள் நம்மை நோக்கி வரலாம். மேற்கிலிருந்து என்றால் தேனி மலைகளில் கட்டிய மேகம் கணவாய் தாண்டி வரலாம். எந்தப் பக்கத்து வானத்தைக் கவனிக்க வேண்டும் என்று இதனால் தெரிந்துவிடுகிறது.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் முன்னறிவிப்பை மூடிவிட்டு உடனடித் தகவலுக்கு மாற வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பை வெளியிடுகிறது. இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் புதிய மேகத்திரள் வளர்வதைக் காணலாம். தாமினி செயலி நம்மைச் சுற்றி அண்மையில் விழுந்த மின்னல்களைக் காட்டுகிறது. மின்னல் புள்ளிகள் நம் பக்கம் நெருங்கி வருகின்றன என்றால் காற்றும் உடன் வருகிறது என்றே கொள்ள வேண்டும். வானிலை ஆய்வுத் துறைக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு, 1875-இல் தொடங்கியது. ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு முந்தைய நிலையில் ஒரு குறிப்பிட்ட தோப்பின்மேல் காற்று விழும் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. மாலையில் நிச்சயமாகச் செய்தாக வேண்டிய நிகழ்ச்சியென்றால், எச்சரிக்கை வரவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல் கயிறும் முளையும் கூடுதலாகப் போடுவதே விவேகம்.

செய்தியில் வரும் சொற்கள்

வானிலை அறிக்கையில் ஓரிரு இடங்களில் என்று வந்தால் அப்பகுதியின் அளவு நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். ஒருசில இடங்கள் என்றால் பாதி வரை. பல இடங்கள் என்றால் முக்கால் வரை. ஆக, மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழையும் 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் தரைக்காற்றும் என்ற அறிவிப்பு, உசிலம்பட்டிக்கு வரும் என்பதைவிட வராது என்பதற்கே அதிக இடம் தருகிறது. வந்தால் 50 கி.மீ. வரை வீசலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வாய்ப்பு ஒன்று, வேகம் வேறொன்று. இரண்டையும் கலந்து படிப்பதால்தான் பயமும் அலட்சியமும் மாறி மாறி வருகின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதைக் குறிக்கின்றன, வேகத்தை நேரடியாகக் குறிப்பன அல்ல.

மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் 45 முதல் 55 கி.மீ. வேகத்தில், இடையிடையே 65 கி.மீ. வேகத்தில் சூறாவளிக்காற்று என்று ஆனி, ஆடியில் வரும் செய்தி மீனவர்களுக்கானது. தடையற்ற கடற்பரப்பின் காற்றை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக்கூடாது. இருந்தாலும் அதைப் படிப்பதில் ஒரு பயன் உண்டு: அந்த எச்சரிக்கை தொடர்ந்து வரும் நாள்களில் பருவ ஓட்டம் வலுவாக இருக்கிறது என்பதால், கணவாயிலும் காற்று தணியாது என்று எதிர்பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவத்தில் காற்று பொதுவாக மென்மையானது. வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும் சிறு எண்களைக் கண்டு கவலைப்பட எதுவுமில்லை. விதிவிலக்கு, வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலமும் புயலும். கடற்கரை தொலைவில் இருக்கிறது என்ற ஆறுதல் நமக்கு உண்டு. ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, வலுவிழந்தபடியே திண்டுக்கல் வழியாக மேற்கே சென்று கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. அத்தகைய நாள்களில் வேகத்தைவிட மையத்தின் பாதையே முக்கியம். முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் ஏறக்குறைய இடக்கைப் பக்கம் இருக்கும். மையம் நமக்கு வடக்கே கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தால், காற்று வடமேற்கில் தொடங்கி மேற்காகி, பிறகு தென்மேற்காகத் திரும்பும். கார்த்திகை மழையில் திடீரென்று பலத்த மேல்காற்று அடித்தால் மையம் வடக்கே திண்டுக்கல் பக்கம் நகர்கிறது என்று கொள்ளலாம். ஊறிய மண்ணில் வேர்ப்பிடிப்புத் தளர்ந்திருக்கும். அப்போது ஆடியில் தாங்கிய வேகத்தைக்கூட மரங்கள் தாங்குவதில்லை.

சொந்த ஊருக்கான திருத்தம்

இவ்வளவும் தெரிந்த பிறகு மிஞ்சுவது, செயலி சொல்வதற்கும் உங்கள் தோட்டத்தில் நடப்பதற்கும் உள்ள நிலையான இடைவெளியைக் கண்டுபிடிப்பது. கருவி வேண்டியதில்லை; காற்றின் விளைவைக் கொண்டு வேகத்தை மதிப்பிடும் போஃபோர்ட் அளவுமுறை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து கட்சிக்கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19 கி.மீ.; புழுதியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28; இளமரங்கள் ஆடத் தொடங்கினால் 29 முதல் 38; பெரிய கிளைகள் அசைந்து மின்கம்பி ஊதி, குடை பிடிப்பது சிரமமானால் 39 முதல் 49; முழு மரமும் ஆடி எதிர்த்து நடப்பது கடினமானால் 50 முதல் 61; அதற்கு மேல் குச்சிகள் ஒடிந்து விழும். தென்னையை அளவாகக் கொள்ளாதீர்கள். அதன் மட்டை லேசான காற்றிலும் ஆர்ப்பாட்டம் செய்யும். புளியோ வேம்போ நம்பத்தக்கவை.

ஒரு நோட்டில் நாளும் ஒரே நேரத்துக்கு, பிற்பகல் மூன்று மணி என்று வைத்துக்கொண்டால், செயலியின் சராசரி, வீச்சு, 850 உயரத்து வேகம், நீங்கள் மரத்தைப் பார்த்து மதிப்பிட்டது ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். மேல்காற்று நாள்களையும் இடிமழை நாள்களையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுவது அவசியம். கலந்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. முதல் பக்கத்தில் சில வாரங்களிலேயே ஒரு விகிதம் புலப்படும்: செயலி 20 என்றால் நம் தோட்டத்தில் 30, அல்லது 12. இரண்டாவது பக்கத்தில் எந்த விகிதமும் வராது. அதைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே அந்தப் பக்கத்தின் பயன்.

உண்மையில் அளந்த எண் வேண்டுமானால் மதுரை விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பைப் பார்க்கலாம், வி.ஓ.எம்.டி. என்ற குறியீட்டில் இணையத்தில் கிடைக்கும். அதில் 1200 என்ற நேரம் உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு மாலை ஐந்தரை. 27014 என்று இருந்தால் 270 பாகையிலிருந்து, அதாவது நேர்மேற்கிலிருந்து, 14 நாட், ஏறத்தாழ 26 கி.மீ.; அதை ஒட்டி இன்னொரு எண் வந்தால் அது வீச்சு. விமான நிலையம் நமக்குக் கிழக்கே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 35 கி.மீ. தள்ளி, மலைகளிலிருந்து விலகி இருப்பதால் கணவாயின் தாக்கம் அங்கே தெரியாது. இன்னும் அருகில் வேண்டுமென்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரங்களில் நிறுவிய தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவுகளைத் தேடலாம். செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வேளாண் வானிலை ஆலோசனை மேக்தூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது. அடுத்த ஐந்து நாள்களுக்கான காற்றின் வேகமும் திசையும் அதில் இருக்கும். வாழைக்குச் சவுக்குக் கம்பு கொடுத்துக் கட்ட வேண்டிய வாரத்தை முடிவு செய்ய அது போதும். எந்த மணிக்குத் தெளிப்பது என்பதற்கு மணிவாரி அட்டவணை வேண்டும். பந்தலை எப்போது அவிழ்ப்பது என்பதற்கு மேற்கண்ட மின்னல் படமும், வாசலில் நின்று பார்க்கும் ஓர் ஆளும் வேண்டும்.